பேசத் தொடங்கியதும் அந்நியமான படங்கள்

எடி போலோ என்று இன்று யாரிடமாவது சொன்னால், யார் அவர் என்றுதான் கேட்பார்கள். சர்க்கஸில் பார் விளையாடி வளர்ந்தவர். யுனிவர்சல் கம்பெனியின் தொடர்படங்களில் உயரத்திலிருந்து குதித்தும் ஒற்றை ஆளாக ஒரு கூட்டத்தையே அடித்து வீழ்த்தியும் பேர் வாங்கியவர். 1920-களில் சென்னை மாகாணத்து மொபசல் ஊர்களில், அதாவது தலைநகருக்கு வெளியே இருந்த சின்ன ஊர்களில், தரை டிக்கெட் வாங்கி மணலில் உட்கார்ந்தவர்களுக்கு அந்தப் பேர் நன்றாகத் தெரியும். அவர் எந்த நாட்டுக்காரர், என்ன பாஷை பேசுவார் என்பதெல்லாம் அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. பத்துப் பன்னிரண்டு வருஷம் கழிந்தது. அதே ஊர்களில் 'இங்கிலீஷ் படம்' என்று ஒரு தனி இனம் உருவாகியிருந்தது. அது படித்தவர்களுக்கு, உத்தியோகஸ்தர்களுக்கு, கல்லூரிப் பையன்களுக்கு என்று ஒதுங்கிவிட்டது.

வெளிநாட்டுப் படம் முதலில் அந்நியமாக வந்து, பழகப் பழக நெருக்கமாகியிருக்கும் என்றுதான் பொதுவாக நினைப்போம். நம் ஊர்களில் நடந்தது நேர்மாறானது. நெருக்கமாக இருந்தது பிறகுதான் அந்நியமானது. இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட அந்த இருபது வருஷத்தில் இது எப்படி நடந்தது என்பதைக் கோயமுத்தூரை நடுவில் வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

கோயமுத்தூரைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட ஒரு லட்சத்தை எட்டாத ஊர் அது. துறைமுகம் கிடையாது, மாகாணத் தலைநகரமும் இல்லை. இருந்தது பஞ்சு, ஒரு சில மில்கள், பக்கத்திலேயே போத்தனூர் ரயில் சந்திப்பு. இப்படிப்பட்ட ஊரில் 1914-லேயே நிரந்தரக் கட்டடத்தில் ஒரு சினிமாக் கொட்டகை எழுந்துவிட்டது: வெரைட்டி ஹால். கட்டியவர் சாமிக்கண்ணு வின்சென்ட்.

அவர் கோயமுத்தூர் கோட்டைமேட்டுக்காரர். திருச்சியில் ரயில்வேயில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 1905-இல் டுபான் என்ற பிரெஞ்சுக்காரர் படம் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்தார். அவருக்கு உடம்பு முடியாமல் போகவே, எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஊர் திரும்ப நினைத்தார். புரொஜெக்டரையும் கையிலிருந்த படச்சுருள்களையும் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிக்கொண்டார் சாமிக்கண்ணு. சாதாரண ரயில்வே சிப்பந்திக்கு அந்தக் காலத்தில் அது பல வருஷச் சம்பளம். அந்தச் சுருள்களில் ஒன்று இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் படம். வேலையை விட்டுவிட்டு, கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். வடக்கே பெஷாவர் வரைக்கும், கடல் தாண்டி ரங்கூன் வரைக்கும் அவர் போய்ப் படம் காட்டியதாகச் சொல்வார்கள். பிறகுதான் சொந்த ஊருக்குத் திரும்பி வெரைட்டி ஹாலைக் கட்டினார்.

ஆக, நம் பக்கத்தில் சினிமாவின் முதல் மூலதனமே ஒரு பிரெஞ்சுப் பெட்டிதான். அது தற்செயல் இல்லை. முதல் உலகப் போருக்கு முன்பு உலகச் சந்தையே பிரான்ஸின் பாத்தே கம்பெனி கையில்தான் இருந்தது. 1907-இலேயே பம்பாயில் அதற்கு ஒரு கிளை. கருவி, படம், படத்தை ஓட்டத் தேவையான சாமான் எல்லாவற்றையும் அவர்களே விற்றார்கள். போர் வந்ததும் ஐரோப்பாவில் படம் எடுப்பது படுத்துவிட்டது. அதுவரை லண்டன் வழியாகச் சுற்றி வந்துகொண்டிருந்த அமெரிக்கப் படங்கள் நேராக வரத் தொடங்கின. யுனிவர்சல் கம்பெனி 1916-இல் இந்தியாவில் சொந்தக் கிளை திறந்தது. போர் முடிந்து ஐரோப்பா மூச்சு விட்டுக்கொள்வதற்குள் நம் கொட்டகைகள் அமெரிக்கா பக்கம் போய்விட்டன. 1926-27 கணக்குப்படி, இந்தியாவில் திரைக்கு வந்த முழுநீளப் படங்களில் இந்தியப் படங்கள் நூற்றுக்குப் பதினைந்துதான். மீதி வெளியிலிருந்து வந்தவை, அவற்றில் மிகப் பெரும்பாலானவை அமெரிக்கப் படங்கள்.

ஏன் இவ்வளவு? மக்கள் விரும்பினார்கள் என்பது பாதிக் காரணம்தான். மலிவு என்பதுதான் மீதிப் பாதி. ஹாலிவுட் கம்பெனிகள் போட்ட பணத்தைத் தங்கள் நாட்டிலேயே எடுத்துவிடுவார்கள். இந்தியாவிலிருந்து கிடைப்பது உபரி. அதனால் எந்த விலைக்கும் வாடகைக்கு விட முடிந்தது. பம்பாயில் ஒரு புராணப் படம் எடுப்பவரோ முழுப் பணத்தையும் இங்கேயே தேட வேண்டும். தராசு ஆரம்பத்திலேயே ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

பெட்டி வந்த வழி

படத்தைத் தியேட்டர்காரர்கள் இன்றும் 'பெட்டி' என்றுதான் சொல்வார்கள். டிஜிட்டல் வந்து பெட்டியே இல்லாமல் போன பிறகும் அந்தச் சொல் போகவில்லை. 1920-களில் அது நிஜமாகவே தகரப் பெட்டி. பம்பாயிலோ கல்கத்தாவிலோ கப்பலிலிருந்து இறங்கி, பெரிய நகரங்களில் ஓடி முடித்து, சென்னைக்கு வந்து அங்கேயும் ஓடி, அதற்கப்புறம்தான் ரயிலில் ஏறி மொபசலுக்கு வரும். கல்கத்தாவின் மதன் கம்பெனி மாதிரி இந்தியா, பர்மா, இலங்கை எங்கும் கொட்டகைகளைக் கையில் வைத்திருந்தவர்களுக்குப் படம் முதலில் கிடைக்கும். சின்ன ஊர்க்காரர் கடைசியில்தான். கட்டாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையும் பல இடங்களில் உண்டு. ஒரு நல்ல படம் வேண்டுமென்றால் அதனோடு நாலு சுமாரான படத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பெட்டி ஊருக்கு வந்து சேரும்போது படத்துக்குச் சில வருஷ வயதாகியிருக்கும். ஓடி ஓடிச் சுருள் முழுக்கக் கீறல் விழுந்திருக்கும். 'படத்துல மழை பெய்யுது' என்பார்கள் ஆப்பரேட்டர்கள். நடுநடுவே அறுந்து ஒட்டியதில் சில காட்சிகள் காணாமல் போயிருக்கும். அமெரிக்காவில் ஒருவர் பார்த்த படமும் நம் ஊரில் ஒருவர் பார்த்த படமும் பேரளவில்தான் ஒன்று.

ஓட்டும் விதமும் அப்படித்தான். ஆயிரம் அடிச் சுருள் ஒன்று ஏறக்குறைய பதினைந்து நிமிடம் ஓடும். 'ஏறக்குறைய' என்று சொல்லக் காரணம், கைப்பிடியைக் கையால் சுற்றித்தான் பல இடங்களில் படம் ஓடியது. சண்டைக் காட்சியில் கை கொஞ்சம் வேகமாகும், கடைசி ஆட்டத்தில் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இன்னும் வேகமாகும். வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சிகள். மின்சாரம் வேண்டுமே? நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் வந்தது 1930-களின் தொடக்கத்தில்தான். அதற்கு முன்னால் கொட்டகைக்காரரே இன்ஜின் வைத்து மின்சாரம் எடுக்க வேண்டும். சாமிக்கண்ணு அப்படி எடுத்தார். அச்சகம், அரிசி மில் என்று அதைச் சுற்றியே வேறு தொழில்களும் வளர்த்தார். கோயமுத்தூர்க்காரர்கள் பலருக்கு மின்விளக்கும் சலனப்படமும் ஏறக்குறைய ஒரே வாசல் வழியாகத்தான் வந்தன.

படச்சுருள் நைட்ரேட்டால் ஆனது. ஒரு பொறி பட்டால் போதும், குப்பென்று பற்றிக்கொள்ளும். 1918 சினிமட்டோகிராஃப் சட்டம் கொட்டகைக்கு லைசென்ஸ் வேண்டும் என்று சொன்னதற்கு ஒழுக்கக் கவலை மட்டும் காரணமில்லை, தீயும் ஒரு பெரிய காரணம். மாவட்ட மாஜிஸ்ட்ரேட் லைசென்ஸ் கொடுக்க வேண்டும். படத்துக்குச் சென்சார் சான்று தனி. 1920-இல் பம்பாய், கல்கத்தா, சென்னை, ரங்கூன் நகரங்களில் சென்சார் போர்டுகள் வந்தன. சென்னையில் அதற்குத் தலைவர் போலீஸ் கமிஷனர். அந்த ஒரு தகவலே அரசு சினிமாவை எந்தக் கண்ணோடு பார்த்தது என்பதைச் சொல்லிவிடும்.

திரைக்குப் பக்கத்தில் நின்றவர்

இனிதான் முக்கியமான ஆள் வருகிறார்.

ஊமைப்படத்தில் பேச்சு கிடையாது, ஆனால் எழுத்து உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் காட்சி சட்டென்று நின்று, கறுப்பில் வெள்ளை எழுத்தாக ஓர் அட்டை வரும். யார் என்ன சொன்னார், கதை எங்கே போகிறது என்பது அதில் இருக்கும். இந்தியாவில் எடுத்த படமென்றால் அந்த அட்டையில் இரண்டு மூன்று மொழி போட்டிருப்பார்கள். இறக்குமதிப் படத்தில் இங்கிலீஷ் மட்டும்தான். 1921 கணக்கெடுப்பில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே நாடு முழுவதும் நூற்றுக்கு ஏழெட்டுப் பேர். இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அதனால் கொட்டகையில் ஒருவரை நிறுத்தினார்கள். அவர் திரைக்குப் பக்கத்தில் நின்று, அட்டையைப் படித்து, தமிழில் சத்தமாகச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் யார் அவ்வளவோடு நிறுத்துவார்கள்?

ஓர் ஆட்டத்தை மனசில் ஓட்டிப் பாருங்கள். திரையில் ஒரு பெண்ணைத் தண்டவாளத்தில் கட்டிப் போட்டிருக்கிறார்கள். தூரத்தில் ரயில் புகை. அட்டை வருகிறது, அதில் நாலே சொல், 'அதே வேளையில், நகரத்தில்...' என்கிற மாதிரி ஏதோ ஒன்று. திரைக்குப் பக்கத்தில் நிற்பவர் அந்த நாலு சொல்லை மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தால் தரை டிக்கெட் சும்மா இருக்காது. அவர் சொல்லியாக வேண்டியது வேறு. 'இங்கே இவள் உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கிறது. அங்கே நம்ம ஆளோ ஒன்றும் தெரியாமல் காபி குடித்துக்கொண்டிருக்கிறான். அடேய், திரும்பிப் பாருடா!' அந்த 'அடேய்' அட்டையில் கிடையாது. அது நம்ம ஊர்ச் சரக்கு. கூத்திலும் கதாகாலட்சேபத்திலும் வில்லுப்பாட்டிலும் கேட்டுப் பழகிய தொனி. கதாபாத்திரங்களின் வெளிநாட்டுப் பேர்களும் நாக்குக்கு ஏற்றபடி வளைந்துவிடும். பேர் வாயில் நுழையாவிட்டால் 'கதாநாயகன்', 'வில்லன்', 'வில்லனோட கையாள்' என்றாலே போதும்.

இது நமக்கு மட்டுமே உரிய வழக்கம் அல்ல. ஜப்பானில் இந்தத் தொழிலுக்கு பென்ஷி என்று பேர். அங்கே பென்ஷிகள் நடிகர்களை விடப் பிரபலம், போஸ்டரில் அவர்கள் பேர் இருக்கும். நம் பக்கத்தில் அப்படி ஆகவில்லை. பேர் எழுதி வைக்கப்படாத, கூலிக்கு நின்ற ஆள்தான் இங்கே. அந்தத் தொழிலுக்கென்று ஊரறிந்த ஒரு தமிழ்ப் பேர்கூட நிலைக்கவில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. எத்தனை ஆயிரம் பேருக்கு அவர்தான் கண்டம் விட்டுக் கண்டம் கதை கடத்தினார்!

படத்தைத் தமிழாக்கியது அவர் குரல் மட்டுமல்ல. ஆட்டத்துக்கு முன்னால் ஊருக்குள் வண்டி போகும். மாட்டுவண்டியின் இரு பக்கமும் தட்டி கட்டி, முன்னால் கொட்டு முழங்க, உள்ளேயிருந்து ஒருவர் நோட்டீஸை வீசிக்கொண்டே போவார். பிள்ளைகள் பின்னால் ஓடுவார்கள். அந்த நோட்டீஸில் கதைச்சுருக்கம் தமிழில் இருக்கும். முடிவை மட்டும் சொல்லாமல் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நிறுத்திவிடுவார்கள். கொட்டகைக்குள் போகும்போதே பாதிக் கதை தெரிந்திருக்கும். நமக்கு அது பழக்கம்தானே, ராமாயணக் கூத்து பார்க்கப் போகிறவனுக்கு ராமன் ஜெயிப்பான் என்று தெரியாதா என்ன?

அப்புறம் இடைவெளிகள். ஒரே ஒரு புரொஜெக்டர்தான் இருக்கும். அதனால் ஒவ்வொரு சுருளும் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு அடுத்ததை மாட்டுவார்கள். அந்த நேரத்தில் கூட்டம் கலையாமல் இருக்க வேண்டும். மேடையில் குஸ்தி நடக்கும், நாட்டியம் நடக்கும், வித்தைக்காரர் வருவார். பெண் ரயிலுக்கு முன்னால் கட்டிப்போடப்பட்டிருக்கும்போது விளக்கு எரிந்து, உள்ளூர்ப் பயில்வான்கள் இருவர் தொடை தட்டிக்கொண்டு வந்து மோதிவிட்டுப் போவார்கள். மறுபடி இருட்டு, மறுபடி ரயில்.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால், அன்றைக்கு மொபசலில் ஓடியதை 'அமெரிக்கப் படம்' என்று மட்டும் சொல்வது சரியாகப் படவில்லை. சுருள் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஆட்டம் கோயமுத்தூரில் தயாரானது. பேச்சு, இசை, வேகம், இடைவேளைக் கேளிக்கை எல்லாம் உள்ளூர். அதனால்தான் எடி போலோவுக்குத் தேசமில்லை. அவர் தினமும் தமிழ் பேசினார், இன்னொருவர் வாயால்.

தொடர்படங்கள் இந்த ஏற்பாட்டுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தன. பதினைந்து, இருபது பாகம் போகும். ஒவ்வொரு பாகமும் இரண்டு சுருள், ஒவ்வொன்றும் கதாநாயகன் சாகப் போகிற இடத்தில் நிற்கும். அமெரிக்காவில் வாரத்துக்கு ஒரு பாகம். இங்கே நாலைந்து பாகத்தைச் சேர்த்து ஒரே ஆட்டமாக ஓட்டிவிடுவார்கள். விடிய விடியக் கூத்து பார்த்துப் பழகிய ஜனங்களுக்கு இரண்டு சுருள் எந்த மூலைக்கு?

தொடர்களைத் தாண்டி ஒரு படம் மட்டும் தனியாக நிற்கிறது. டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் நடித்து 1924-இல் வந்த பாக்தாத் திருடன். அந்தக் காலத்தில் இந்தியாவில் ஓடிய படங்களிலேயே மிகப் பிரபலமானது அதுதான் என்று அரசு விசாரணையிலேயே பதிவாகியிருக்கிறது. இந்தியப் படம், வெளிநாட்டுப் படம் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன். மாயக் கம்பளம், பறக்கும் குதிரை, சுல்தான் அரண்மனை, இளவரசிக்காகப் போட்டியிடும் மூன்று அரசகுமாரர்கள். அரபுக் கதையும் மதனகாமராஜன் கதையும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் புதிதாக விளக்க என்ன இருக்கிறது? கலிஃபோர்னியாவில் செட் போட்டு எடுத்த பாக்தாத், லண்டன் காட்சிகளை விட நம்மவர்களுக்குப் பக்கத்து ஊர். 1960-இல் எம்.ஜி.ஆர் அதே பேரில் நடித்தபோது அந்தப் பேருக்குத் தமிழகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வயதாகியிருந்தது.

அரசுக்கு வந்த கவலை

கூட்டம் ரசித்துக்கொண்டிருக்க, ஆட்சியாளர்கள் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கப் படங்களில் வெள்ளைக்காரன் திருடுகிறான், குடித்துவிட்டு விழுகிறான், ஏமாற்றுகிறான். வெள்ளைக்காரப் பெண் எல்லோர் முன்னாலும் முத்தம் கொடுக்கிறாள். கலெக்டர் துரையைப் பார்த்துக் கைகட்டி நிற்கும் ஜனங்கள் இதைப் பார்த்தால் மரியாதை என்ன ஆவது? இது ஒரு கவலை. பிரிட்டிஷ் படங்களுக்குச் சந்தை இல்லாமல் போகிறதே என்பது இன்னொன்று. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்து நாடுகள் கூடிய 1926 இம்பீரியல் மாநாட்டில் இந்தப் பேச்சு எழுந்தது. 1927-இல் பிரிட்டன் தன் நாட்டில் பிரிட்டிஷ் படங்களுக்கு ஒதுக்கீடு கொண்டுவந்தது. அதே வருஷம் இந்திய அரசு ஒரு சினிமா விசாரணைக் கமிட்டியை அமைத்தது.

தலைவராகப் போட்டது சென்னை வக்கீல் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியாரை. அவரோடு மூன்று ஆங்கிலேயர், இரண்டு இந்தியர். நாலாயிரத்துக்கு மேல் கேள்வித்தாள் அனுப்பி, பம்பாய், லாகூர், கல்கத்தா, சென்னை, ரங்கூன் என்று சுற்றி, 350-க்கும் மேற்பட்டவர்களிடம் சாட்சியம் கேட்டார்கள். காந்திக்கும் ஒரு கேள்வித்தாள் போனது. தான் சினிமாவே பார்த்ததில்லை, பதில் சொல்லத் தகுதியில்லை என்று எழுதியதோடு, அதில் தனக்கு நன்மை எதுவும் தெரியவில்லை என்றும் அவர் சொல்லிவிட்டார்.

1928-இல் வெளியான அறிக்கையை எடுத்துப் படித்தால் ரங்காச்சாரியார் மேல் மரியாதை வராமல் இருக்காது. அமெரிக்கப் படம் ஜனங்களைக் கெடுத்துவிட்டது என்பதற்குப் பெரிய ஆதாரம் இல்லை என்று கமிட்டி கண்டது. அமெரிக்கப் படத்தைத் தள்ளி பிரிட்டிஷ் படத்துக்கு இடம் கொடு என்ற யோசனையையும் ஏற்கவில்லை. அமெரிக்கப் படம் அதிகமாக வருவது நாட்டுக்குக் கேடு என்றால், மற்ற மேற்கத்தியப் படங்கள் அதிகமாக வருவதும் அதே அளவு கேடுதானே? வளர்க்க வேண்டியது இந்தியப் படத்தை. அதற்குக் கடன் உதவி, கொட்டகைகளில் இந்தியப் படத்துக்கு ஒதுக்கீடு என்று யோசனைகள் வந்தன. ஆங்கில உறுப்பினர் மூவரும் சில விஷயங்களில் மாறுபட்டு எழுதினார்கள். அரசு எதிர்பார்த்த பதில் இதுவல்ல, அறிக்கை அலமாரிக்குப் போனது.

நாடு முழுவதும், பர்மாவையும் சேர்த்து, அப்போது இருந்த கொட்டகைகள் முன்னூற்றுச் சொச்சம்தான். அதில் சின்ன ஊர்களில் இருந்தவை இன்னும் குறைவு. மீதி இடங்களுக்குக் கூடாரத்தோடு போனவர்கள்தான் சினிமாவைக் கொண்டு போனார்கள். மழைக்காலம் வந்தால் அதுவும் நின்றுவிடும்.

பேச்சு வந்தது

சட்டமும் சென்சாரும் கமிட்டியும் செய்யாததை ஓர் ஒலிபெருக்கி செய்தது.

1929 வாக்கில் ஹாலிவுட் பேசும் படத்துக்கு மாறியது. 1930-க்குப் பிறகு அங்கே ஊமைப்படம் எடுப்பது கிட்டத்தட்ட நின்றே போனது. மொபசல் கொட்டகைகளுக்கு வந்துகொண்டிருந்த ஊற்று வற்றியது. பழைய பெட்டிகளையே திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டிய நிலை. சரி, பேசும் படத்தையே கொண்டுவரலாம் என்றால், ஒலிக் கருவிக்கு ஆகும் செலவு சின்னக் கொட்டகைக்காரரின் கைக்கு எட்டாதது.

செலவு செய்து கருவி வாங்கியவருக்கும் ஒரு சிக்கல் காத்திருந்தது. திரையிலிருந்து குரல் வரும்போது பக்கத்தில் நின்று பேசுகிறவர் என்ன செய்வார்? இரண்டு குரல் மோதும். அவர் வெளியே போக வேண்டியதுதான். மேடையில் குஸ்தி போட இடைவெளி இல்லை. கைப்பிடியைச் சுற்றும் வேகத்துக்கும் இடமில்லை, ஒலி வந்த பிறகு ஒரே சீராகத்தான் ஓட வேண்டும். ஆட்டத்தில் உள்ளூர்க்காரர் கை வைக்க இருந்த இடமெல்லாம் ஒவ்வொன்றாக அடைபட்டது. படம் முதல் தடவையாக வெளியூரில் தயாரானபடியே, ஒரு சொல் கூடாமல் குறையாமல், வந்து இறங்கியது. வந்து இங்கிலீஷில் பேசியது.

அதுவரை தமிழ் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒரே நாளில் வெள்ளைக்காரர்கள் ஆனார்கள்.

1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரல் கொட்டகையில் முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸ் வெளியானது. கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொல்வார். குறை சொல்ல ஆயிரம் இருந்தும் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெட்டி சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கியபோது தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, பூப்போட்டு ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். பதினைந்து வருஷமாக எத்தனையோ பெட்டிகள் அதே ஸ்டேஷனில் இறங்கியிருக்கின்றன, எதற்கும் தேங்காய் உடைக்கவில்லை. ஒரு கதையைத் தமிழாக்க இனி ஆள் நிறுத்த வேண்டியதில்லை, படமே தமிழில் வரும் என்று ஜனங்கள் புரிந்துகொண்ட நாளாகத்தான் எனக்கு அது தெரிகிறது.

கோயமுத்தூரில் அதைச் சட்டென்று புரிந்துகொண்டவர் சாமிக்கண்ணு. இருபத்தெட்டு வருஷம் வெளிநாட்டுப் படம் காட்டிச் சம்பாதித்தவர், 1933-இல் கல்கத்தா பயனியர் பிலிம் கம்பெனியோடு சேர்ந்து வள்ளி திருமணம் எடுத்தார். தென்னாட்டில் அப்போது பேசும் பட ஸ்டூடியோ இல்லை, அதனால் கல்கத்தாவுக்குப் போய்த்தான் எடுக்க வேண்டியிருந்தது. படம் நன்றாக ஓடியது. நாடகக் கொட்டகையில் எல்லோரும் பார்த்த கதை, எல்லோருக்கும் மனப்பாடமான பாட்டுகள். நாலைந்து வருஷத்துக்குள் கோயமுத்தூரிலேயே சென்ட்ரல் ஸ்டூடியோ வந்தது, அதிலும் அவர் பங்கு உண்டு.

அமெரிக்கப் படம் ஒரேயடியாகப் போய்விடவில்லை. இங்கிலீஷ் தெரிந்தவர்கள் பார்த்தார்கள், பேச்சுக் குறைவான படங்களை மற்றவர்களும் பார்த்தார்கள். காட்டில் மரத்துக்கு மரம் தாவுகிறவனுக்கு வசனம் எதற்கு? சாப்ளின் 1931-இலும் 1936-இலும் பேச மறுத்தே படம் எடுத்தார். 1932-இல் அவர் உலகம் சுற்றி வந்தபோது இலங்கையில், கொழும்பிலும் கண்டியிலும் இறங்கினார். இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அவர் முகம் முன்பே பழக்கம். பேசாதவரை அவரும் அந்நியர் இல்லை.

அந்தக் காலத்துச் சுருள்கள் இன்று எங்கே? அமெரிக்க ஊமைப்படங்களில் பெரும்பகுதி அமெரிக்காவிலேயே அழிந்துவிட்டது. முழுநீளப் படங்களில் முதலில் வெளியான வடிவத்திலேயே மிஞ்சியிருப்பவை நூற்றுக்குப் பதினான்குதான் என்று அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் 2013-இல் கணக்குச் சொன்னது. கனடாவின் வடகோடியில் டாசன் சிட்டி என்று ஒரு சின்ன ஊர். பெட்டிகளுக்கு அதுதான் கடைசி நிறுத்தம். திருப்பி அனுப்பச் செலவு கட்டாது என்று கம்பெனிகள் அங்கேயே விட்டுவிட, ஊர்க்காரர்கள் சுருள்களை ஒரு நீச்சல் குளத்துக்குள் போட்டு மூடினார்கள். 1978-இல் மண்ணைத் தோண்டியபோது ஐந்நூறுக்கும் மேற்பட்ட சுருள்கள் கிடைத்தன. உறைபனி அவற்றைக் காப்பாற்றியிருந்தது. நம் ஊர் வெயிலில் நைட்ரேட் அப்படி மிஞ்சாது.

ஆனால் இங்கே மிஞ்சியிருக்கக்கூடியது ஒன்று உண்டு, அது வேறு எங்கேயும் கிடைக்காத ஒன்று. வண்டியிலிருந்து வீசிய அந்தத் தமிழ் நோட்டீஸ்கள். அமெரிக்கக் கதையை ஒரு கோயமுத்தூர்க்காரரோ மதுரைக்காரரோ எப்படிப் புரிந்துகொண்டு சொன்னார் என்பதற்கு நமக்கிருக்கும் மிக நேரடியான சாட்சி அதுதான். தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலோ, பழைய கணக்குப் புத்தகத்தின் நடுவிலோ, பரணில் பாட்டுப் புத்தகக் கட்டோடு சேர்ந்தோ கலர் மங்கிய ஒரு தாள் கிடைத்தால் தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். மடிப்பைப் பிரித்து நிமிர்த்த வேண்டாம், செல்லோடேப் ஒட்ட வேண்டாம், அப்படியே ஒரு உறையில் வைத்துச் சென்னைத் தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.